பேச்சு வரும் வயசு: ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3
ஒன்றரை வயசுப் பிள்ளையை உட்காரவைத்து "இது என்ன? அது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்காத வீடே குறைவு. பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்வதுதான் மிச்சம். கேட்பதை விட்டு, அது பார்க்கிறதைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்: "காக்கா பறந்து போச்சு." பார்வை காக்காவிடம் இருக்கும்போது பந்தைக் காட்டிப் பெயர் சொன்னால் அந்தச் சொல் அவ்வளவு எளிதில் ஒட்டாது.

ஜூன் 7
வாழைப்பழ முறை. பழத்தைப் பாதி உரித்து ஒரு துண்டு கொடுங்கள். மீதியை உங்கள் வாயருகே, பிள்ளையின் கண்மட்டத்தில் பிடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பலரும் மூன்று எண்ணுவதற்குள் பொறுமையிழந்து பேசிவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. கை நீட்டினாலும், "ம்" என்றாலும், பழத்தையும் உங்களையும் மாறிமாறிப் பார்த்தாலும் அது கேட்டதாகத்தான் அர்த்தம். உடனே கொடுத்து, அது சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லுங்கள்: "பழம் வேணும்." "சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைத்தால் அழுகைதான் வரும், சொல் வராது.

சொல் வந்த பிறகு ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். "பா" என்றால் "பால்". "பால்" என்றால் "பால் ஊத்து". "பால் ஊத்து" வந்தால் "தம்ளர்ல பால் ஊத்து".

ஜூன் 11
மம்மு, பாச்சி, சாச்சி: தாராளமாகப் பேசலாம். பக்கத்திலேயே "சோறு", "தூங்கலாம்" என்பதும் காதில் விழட்டும். "பயம்" என்று பழத்தைச் சொன்னால் திருத்த வேண்டாம். "ஆமா, பழம்" என்று திருப்பிச் சொன்னால் போதும். ழகரம் கடைசியில் வரும் ஒலிகளில் ஒன்று. வளர்ந்தவர்களிலேயே எத்தனை பேர் "பளம்" என்கிறோம்!

ஜூன் 16
பிள்ளைத்தமிழில், கைகொட்டச் சொல்லிப் பாடும் சப்பாணிப் பருவம் ஒன்பதாம் மாதம். கைதட்டலைப் பார்த்துச் செய்கிற வயசும் ஏறக்குறைய அதுதான். ஒரே பாட்டை அதே வேகத்தில், அதே அபிநயத்தோடு மூன்று தடவை பாடி, நான்காவது தடவை கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்துங்கள். கையோ குரலோ அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும்.

ஜூன் 20
காது. "ங்கா" சொல்கிறது, அதனால் காது கேட்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காது கேளாத பிள்ளையும் முதல் மாதங்களில் அப்படிக் குரல் கொடுக்கும். முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்ப்பதும் நம்பத்தக்கதல்ல. அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடத் திரும்பும். பிறந்து ஒரு மாதத்துக்குள் ஓஏஇ சோதனை (காதுக்குள் மெல்லிய ஒலி விட்டு, உள்காது திருப்பித் தரும் ஒலியை அளப்பது), சந்தேகமிருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை: இதுதான் கணக்கு. பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கு ஓஏஇ மட்டும் போதாது, பெராவும் (ஒலி கேட்கும்போது காது நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை எழும் மின் அலையை அளக்கும் சோதனை) வேண்டும். ஓஏஇ உள்காதோடு நின்றுவிடும், நரம்பில் உள்ள குறையைக் காட்டாது.

ஜூன் 24
போன்: இரண்டு வயசு வரை வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். யாரும் பார்க்காமல் ஓடுகிற டிவியையும் அணையுங்கள். அது ஓடினால் பெரியவர்கள் பிள்ளையோடு பேசுவது குறைகிறது.

ஜூன் 28
"அவங்க மாமாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று தள்ளிப்போடக் கூடாதவை: ஒரு வயசில் சுட்டிக்காட்டாதது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது, இரண்டு வயசில் இரு சொல் சேராதது. வீட்டில் இரண்டு மொழி என்றால் "தண்ணி"யையும் "பானி"யையும் சேர்த்தே எண்ணுங்கள். வந்த சொல் மறைந்தால், எந்த வயசானாலும், அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.