குதிரையைத் தொட்டவர்கள்

சஃபோக் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பழைய படங்களைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி சட்டம் போட்டுத் தரும் பட்டறை ஒன்றில் 11 வருடம் வேலை பார்த்தேன். மதுரையில் அப்பாவின் கடையில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டு வளர்ந்தவன் நான். மனைவிக்கு கேம்பிரிட்ஜ் பக்கம் வேலை கிடைத்து இங்கிலாந்து வந்தபோது கைவசம் இருந்தது அந்தத் தொழில் ஒன்றுதான். சட்டம் எங்கே போனாலும் சட்டம்தானே என்று நினைத்திருந்தேன். உள்ளே இருக்கும் படம் எவ்வளவு வேறு என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

பட்டறைக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் குதிரைப் படங்கள். பந்தயக் குதிரை, வேட்டைக் குதிரை, லாயத்தில் நிற்கும் குதிரை, வேலியைத் தாண்டும் குதிரை. சிவப்புக் கோட்டுப் போட்டவர்கள் ஒரு பக்கம், வேட்டைநாய்க் கூட்டம் இன்னொரு பக்கம், எங்கேயோ தூரத்தில் கடுகளவில் நரி. பக்கத்திலேயே நியூமார்க்கெட் இருந்ததுதான் காரணம். முந்நூறு வருடத்துக்கும் மேலாகக் குதிரைப் பந்தயமே பிழைப்பாக இருக்கும் ஊர் அது. அங்கே சாலையைக் கடக்கக் குதிரைகளுக்கென்றே தனி இடம் உண்டு. சவாரி செய்பவர் இறங்காமல் அழுத்துவதற்காகப் பொத்தானை உயரத்தில் வைத்திருப்பார்கள்.

முதலில் இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. நரியைத் துரத்திக் கொல்வதை இவ்வளவு அழகாக வரைந்து, அதைச் சாப்பாட்டு அறையில் மாட்டி வைப்பார்களா என்று மனசுக்குள் ஒரு கசப்பு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதை 2004-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அது சரியான சட்டம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அந்தப் படங்களில் நிறையக் குதிரைகளுக்கு வால் கட்டையாக இருக்கும். ஏதோ முடி வெட்டும் பாணி என்று எண்ணியிருந்தேன், எலும்போடு சேர்த்து வெட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. ஈயை ஓட்டக்கூட வால் இல்லாமல் ஒரு குதிரை எப்படி வாழ்ந்திருக்கும்? அந்த வழக்கத்தை பிரிட்டன் தடை செய்தது 1949-இல்தான்.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. ஓடும் குதிரை எல்லாவற்றுக்கும் கால்கள் தப்பாக இருந்தன. முன்னங்கால் இரண்டும் முன்னால் நீண்டு, பின்னங்கால் இரண்டும் பின்னால் நீண்டு, வயிறு தரையோடு படிந்து, மரப்பொம்மையைத் தூக்கி எறிந்த மாதிரி பறக்கும். ஆனால் அதே ஓவியர்கள் வரைந்த நிற்கும் குதிரைகள் அவ்வளவு உயிரோடு இருந்தன. ஒரே கை வரைந்ததில் ஒன்று பொய்யாகவும் இன்னொன்று உண்மையாகவும் இருப்பது எப்படி? அந்தக் கேள்விதான் என்னை இந்தப் படங்களுக்குள் இழுத்தது.

லண்டன் நேஷனல் கேலரியில் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த ‘விசில்ஜாக்கெட்’ இருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் அதைப் பார்க்கவே ரயிலேறிப் போனேன். கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம், நிஜக் குதிரையின் அளவு. பின்னால் மரமில்லை, வானமில்லை, சவாரிக்காரனும் இல்லை. வெளிர்ப் பழுப்பில் ஒரு வெறுமை, அதில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் ஒரு செம்பொன் நிறக் குதிரை. 1762 வாக்கில் ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக வரைந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் தோலுக்கு அடியில் புடைத்து ஓடும் ரத்தக்குழாய் தெரிகிறது. தோல் எங்கே இறுக்கம், எங்கே தொய்வு என்று விரலால் தடவிப் பார்த்தவனுக்கு மட்டுமே தெரிகிற விஷயங்கள் அவை.

ஸ்டப்ஸ் தடவிப் பார்த்தவர்தான். 1724-இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. 1756 முதல் ஒன்றரை வருடம் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை எடுத்துக்கொண்டு, இறந்த குதிரைகளைக் கூரையிலிருந்து இரும்புக் கொக்கிகளில் தொங்கவிட்டு, நிற்பது போலவே நிறுத்தி, ரத்தக்குழாய்களில் கொழுப்பை உருக்கி ஊற்றி, தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். கூட இருந்து உதவியவர் மேரி ஸ்பென்சர் என்ற பெண். நாற்றத்தை நினைத்துப் பாருங்கள். வரைந்ததைச் செப்புத்தகட்டில் செதுக்கித் தர லண்டன் செதுக்குக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. தானே செதுக்கி, 1766-இல் குதிரையின் உடற்கூறு பற்றிய நூலாக வெளியிட்டார். விசில்ஜாக்கெட்டின் தோலுக்கடியில் நான் பார்த்தது அந்த ஒன்றரை வருடத்தைத்தான்.

இவ்வளவு தெரிந்த ஸ்டப்ஸ், 1791-இல் ‘பாரனெட்’ என்ற பந்தயக் குதிரை ஓடுவதை வரைந்தபோது, அதே மரப்பொம்மைப் பாய்ச்சலைத்தான் வரைந்தார்! நாலு காலும் தரையில் இல்லை, நாலும் விரிந்து கிடக்கிறது. இதைப் பார்த்த அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. கூரையில் தொங்கும் குதிரையைத் தொடலாம். ஓடுகிற குதிரையைத் தொட முடியாது, கண்ணாலும் பிடிக்க முடியாது. நானே ஒருமுறை விடியற்காலையில் நியூமார்க்கெட்டின் வாரன் ஹில் மேட்டில் நின்று பயிற்சி ஓட்டத்தைப் பார்த்தேன். முதலில் சத்தம் வந்தது, அப்புறம் மூச்சு, அப்புறம் ஒரு பழுப்பு நிறக் காற்று கடந்து போனது. கால்கள்? சத்தியமாகத் தெரியவில்லை. 1878-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் வரிசையாக கேமராக்களை வைத்து எடுத்த படங்களில்தான் விஷயம் வெளியே வந்தது. நாலு காலும் தரையை விட்டு எழும்புவது உண்மை. ஆனால் அது கால்கள் விரியும்போது அல்ல, வயிற்றுக்கடியில் கூடும்போது. அந்த ஓவியர்கள் சோம்பேறிகள் அல்ல. கை எட்டாத இடத்தில், முன்னால் வந்தவர்கள் வரைந்ததை நம்பினார்கள், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு எந்தப் படம் வந்தாலும், இதில் ஓவியன் தொட்ட இடம் எது, தொடாத இடம் எது என்று தேட ஆரம்பித்தேன். ஜான் ஃபிரெடரிக் ஹெர்ரிங் படம் வந்தால் சேணத்தையும் வாரையும் பார்ப்பேன். அவர் ஓவியராவதற்கு முன்னால் நாலு குதிரை பூட்டிய பயணிகள் வண்டி ஓட்டியவர், விடுதிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். அவர் வரைந்த வாரில் கொக்கி எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பது வரை தெரியும்.

நான் தொடக் கூடாததைத் தொட்டதும் இந்தப் படங்களில் ஒன்றைத்தான்.

ஹென்றி ஆல்கன் என்ற ஓவியரின் ‘குவார்ன் வேட்டை’ வரிசை, 1835-இல் லண்டனில் ஆக்கர்மன் வெளியிட்டது. லெஸ்டர்ஷயரின் குவார்ன் வேட்டைக் கூட்டத்துக்குப் பெரிய பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே ஹியூகோ மெய்னல் என்பவர் வேகமாக ஓடும் நாய்களை வளர்த்தெடுத்தார். பொது நிலங்களை அடைத்து வேலி போட்டதும் அந்தக் காலம்தான். நாய் வேகமானதும் குதிரையும் வேகமாக வேண்டியிருந்தது, எதிரே வேலி வந்தால் தாண்டவும் வேண்டியிருந்தது. ஆல்கன் படங்களில் பாயும் குதிரை, பள்ளத்தில் விழுந்த தொப்பி, சேற்றில் கிடக்கும் கனவான் எல்லாம் அந்த வேலிகள் தந்தவை.

அந்த வரிசையில் ஒரு தாள் என் மேசைக்கு வந்தது. சட்டத்தைப் பிரித்தால், பின்பலகையின் மரக் கணு தாளின் முதுகில் பழுப்பாக அப்படியே படிந்திருந்தது. படம் அக்வாடின்ட். செப்புத்தகட்டில் ரோசின் என்ற மரப்பிசின் பொடியைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். பொடிக்கு இடையில் அமிலம் அரித்த இடத்தில் மை தங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நிழல் முழுவதும் மெல்லிய வலை மாதிரி இருக்கும். அதன் மேல் தாள் தாளாகக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். தீட்டியவர்களின் பெயர் எங்கேயும் இருக்காது. ஓவியர் பெயர், செதுக்கியவர் பெயர், வெளியிட்டவர் பெயர், தேதி எல்லாம் கீழே அச்சாகியிருக்கும். சிவப்புக் கோட்டின் மடிப்பில் ஒரு இழுப்பு கூடுதலாக வைத்த அந்தக் கை யாருடையதென்று மட்டும் தெரியாது.

முன்னால் ஓடும் கருந்தவிட்டுக் குதிரையின் விலாப் பக்கத்தில் ஒரு ஈ எச்சப் புள்ளி இருந்தது. பஞ்சை லேசாக ஈரப்படுத்தி ஒற்றி எடுத்தேன். புள்ளி வந்துவிட்டது, சந்தோஷமாகத்தான் இருந்தது. தாளை விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. குதிரையின் உடம்பு முழுவதும் மெல்லிய பளபளப்பு இருந்தது. நான் ஒற்றிய இடத்தில் மட்டும், கட்டைவிரல் நகமளவு, அது இல்லை. வெயிலில் காய்ந்த சாணி மாதிரி மங்கிக் கிடந்தது.

அந்தப் பளபளப்பு கோந்து. வண்ணம் காய்ந்ததும் நிழல் பகுதிகளில் ஆழம் தெரிய அரபிக் கோந்தைக் கரைத்து மெலிதாகப் பூசியிருக்கிறார்கள். நம் ஊர்க் கருவேலம் பிசினுக்கு உறவு அது. தண்ணீர் பட்டால் கரையும். சின்ன வயதில் மரத்திலிருந்து பிசினைப் பிய்த்துத் தண்ணீரில் ஊறவைத்துக் காகிதம் ஒட்டியவன் நான். அது கரையும் என்று என் விரலுக்குத் தெரியும். ஆனால் குதிரையின் விலாவில் இருப்பது அதே பிசின் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து முதலில் பார்த்திருக்க வேண்டும், ஓரத்தில் ஒரு துளி வைத்துச் சோதித்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாதது என் தப்பு.

பட்டறையை நடத்திய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தாளைச் சாய்த்து நிறைய நேரம் பார்த்தார். “இதை யார் பூசினார்களோ, அவர்கள் எவ்வளவு மெலிதாகப் பூசியிருக்கிறார்கள் பாருங்கள். நீங்கள் அழித்த பிறகுதான் நானே கவனிக்கிறேன்” என்றார். அந்த வார்த்தை திட்டியதை விட அதிகமாகச் சுட்டது. புதுக் கோந்தைக் கரைத்து, வேறு வெற்றுத்தாள்களில் இரண்டு நாள் பூசிப் பழகிய பிறகுதான் அந்த நகமளவு இடத்தில் தூரிகையை வைக்க விட்டார். உரிமையாளரிடம் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தார். சொன்னேன். எந்த இடம் என்று காட்டச் சொன்னார், காட்டினேன். ரசீதில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பூச்சைப் பழகிய இரண்டு நாளில்தான் பெயர் தெரியாத அந்தக் கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். ஒரு தடவை கூடுதலாகப் பூசினால் கண்ணாடி மாதிரி மின்னிப் பொய்யாகிவிடும். குறைத்தால் நிழல் எழும்பாது. தூரிகையில் எவ்வளவு ஈரம் என்பதை மணிக்கட்டுதான் முடிவு செய்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தாள் முடித்தார்களோ, எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தார்களோ. வேட்டையை வெறுக்கும் நான் வேட்டைப் படத்தை வெறுக்காமல் போனது அங்கேதான். அந்தச் சிவப்புக் கோட்டுக்காரனுக்காக என் மனது இன்னும் இளகவில்லை. அந்தக் கோட்டுக்குச் சிவப்பு வைத்தவருக்காக இளகிவிட்டது.

ஸ்டப்ஸின் கடைசிப் பெரிய குதிரைப் படம் வட அயர்லாந்தில் மவுண்ட் ஸ்டூவர்ட் மாளிகையில் இருக்கிறது. ‘ஹாம்பிள்டோனியன்’ என்ற குதிரை 1799 மார்ச்சில் நியூமார்க்கெட்டில் ‘டயமண்ட்’ என்ற குதிரையோடு 3000 கினி (பழைய ஆங்கில நாணயம்) பந்தயத்தில் மோதி, சின்ன வித்தியாசத்தில் ஜெயித்தது. சாட்டையாலும் குதிமுள்ளாலும் அதைக் கிழித்துவிட்டிருந்தார்கள். இந்தப் படத்தில் ஸ்டப்ஸ் ஜெயிக்கும் நொடியை வரையவில்லை. ஓட்டம் முடிந்த பிறகு, தளர்ந்து, காது பின்னால் மடங்கி நிற்கும் குதிரையை வரைந்தார். தலைப்பக்கம் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவர். பக்கத்தில் துடைக்கும் துணியோடு ஒரு லாயப் பையன், ஒரு கை குதிரையின் தோள்மேட்டின் மேல். இரண்டு பேரும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். உரிமையாளர் அந்தப் படத்துக்குப் பணம் தர மறுத்தார், எழுபது வயதைத் தாண்டிய ஸ்டப்ஸ் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்னால், இந்தப் படத்தின் சாதாரண அச்சுப் பிரதி ஒன்றைச் சட்டம் போட ஒரு பெரியவர் கொண்டுவந்தார். வாழ்நாள் முழுக்க நியூமார்க்கெட் லாயங்களில் குதிரை பார்த்தவர். விரல் கணுக்கள் வீங்கி, கை முழுதாக மடங்காது. எந்தச் சட்டம் வேண்டும் என்று நான் மாதிரித் துண்டுகளை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை, படத்தில் அந்தப் பையனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு அடி வாங்கிய குதிரைக்கிட்டே துணியோடு சட்டென்று போகக் கூடாது. முதலில் கையை வைக்கணும். கை சூடு அதுக்குத் தெரியணும். அப்புறம்தான் துணி” என்றார்.

சொல்லிவிட்டு என் வேலை மேசையின் மேல் உள்ளங்கையை வைத்தார். விரல்கள் விரியாமல், அழுத்தாமல், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். நான் மாதிரித் துண்டுகளை ஓரமாக எடுத்து வைத்தேன்.