திரைக்குப் பின்னால் இருப்பவரின் காடு

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் அம்மா கதிர்காம முருகனுக்கு வைத்த நேர்த்தியை நான் இந்த வருடம்தான் நிறைவேற்றினேன். கொழும்பு வெள்ளவத்தையில் அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தினர் தங்கள் விறகு அறையில் எங்களை ஒளித்து வைத்திருந்த இரவில், "கந்தா, என்ரை பிள்ளையள் உயிரோடை மிஞ்சினால் காட்டு வழியால் நடந்து வருவன்" என்று அவர் முணுமுணுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளைகள் மிஞ்சினோம். ஆனால் போர்க்காலத்தில் அந்தக் காட்டுக்குள் போக வீட்டில் எவரும் சம்மதிக்கவில்லை. 2009இற்குப் பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். அப்பாவின் காலத்துக்குப் பின் அம்மாவின் முழங்கால்கள் இடம் கொடுக்கவில்லை. பேருந்தில் போய் வரலாமே என்று நாங்கள் சொன்ன போதெல்லாம், தான் நேர்ந்தது பேருந்துக்கு அல்ல என்று மறுத்துவிடுவார். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு முருகனின் ஆடிவேல் ஊர்வலம் வரும் ஆண்டுகளில் காலி வீதியோரம் நின்று, "உன்ரை வீட்டை நான் வரேல்லை, நீதான் வந்திருக்கிறாய்" என்று தேரைப் பார்த்து அழுவார்.

கடைசியில் அவருக்காக நான் நடப்பதென்று தீர்மானமாயிற்று. பெரியம்மாவின் மகனான என் அண்ணாவும் நானும் புறக்கோட்டையிலிருந்து இரவுப் பேருந்தில் பொத்துவிலுக்குப் போய், பாணமை வழியாக, காட்டு வழி தொடங்கும் உகந்தையை அடைந்தோம். உகந்தை முருகனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குழுவினரோடு சேர்ந்தோம். குழுவுக்கு முன்னால் நடந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா. எல்லோரையும் போல எங்களையும் "சாமி" என்றே அழைத்தார்.

காட்டுக்குள் காலடி வைக்கும் முன் அவர் ஒரு குழையை முறித்து மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார். இந்தக் காட்டில் உள்ளவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள மாட்டார்கள் என்றும், நாங்கள் வந்ததையும் அவர்களுக்கு அதிகம் தெரியப்படுத்தாமல் போய்விட வேண்டும் என்றும் சொன்னார். எதையும் பறிக்கவோ எடுக்கவோ கூடாது. மிருகங்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அரோகரா என்பதைத் தவிர உரத்த சொல் ஒன்றும் வேண்டாம். யால 1938இலும் குமண 1970இலும் தேசியப் பூங்காக்கள் ஆயின என்று கொழும்பில் வாசித்துவிட்டுப் போயிருந்த எனக்கு, சட்டம் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே இவர்களுடைய பயபக்தி அந்தக் காட்டைக் காத்து வந்திருக்கிறது என்று தோன்றியது. அந்தப் பக்தியின் பெயரால் வந்தவர்களே கும்புக்கன் ஆற்றங்கரையில், அத்தனை பெரிய மருத மரங்களின் கீழ், பொலித்தீன் பைகளையும் பிஸ்கட் உறைகளையும் எறிந்துவிட்டுப் போயிருந்ததையும் சொல்லாமல் விட முடியாது. ஐயா ஒன்றும் பேசாமல் பொறுக்கத் தொடங்கினார். வெட்கத்தில் நாங்களும் பொறுக்கினோம். அம்மாவுக்கென்று நான் எடுத்து முந்தானையில் முடிந்திருந்த ஆற்றுக் கல்லை அன்றிரவே திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

வெயிலைப் பற்றி என்ன சொல்ல? பாலையும் வீரையும் முள்ளுப் பற்றைகளுமாக விரிந்த வெளியில், சுடுமணல் காலைப் பொசுக்க, தண்ணீர்ப் போத்தலைக் கணக்குப் பார்த்துக் குடித்துக்கொண்டு நடந்தோம். இரண்டாம் நாளே என் குதிகால்கள் கொப்புளித்துவிட்டன. மூன்றாம் நாள் அந்தியில், பாதை வளையும் இடத்தில் ஒரு கொம்பன் தனியாக நின்றது. ஒருவரும் ஓடவில்லை. ஐயா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பிள்ளையாரப்பா, தம்பியைப் பார்க்கத்தான் போறம், வழி விடுங்கோ" என்று ஒரு வீட்டுப் பெரியவரிடம் கேட்பது போலக் கேட்டார். எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. காது அசைவது மட்டும் தெரிந்தது. பிறகு அது திரும்பிப் பற்றைக்குள் போயிற்று. அவ்வளவு பெரிய உடம்பு போன இடத்தில் ஒரு கிளை முறிந்த ஓசைகூட இல்லை. வள்ளியை மிரட்ட முருகனின் தமையன் பிள்ளையார் ஆனையாக வந்த கதையைச் செல்லக் கதிர்காமத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குக் கதையாக இல்லாமற் போனது.

காட்டை விட்டு வெளியே வந்ததும் ஜீப்புகளின் புழுதி, கதிர்காமத்துக்குள் நுழைந்ததும் அறை வேண்டுமா என்று பையைப் பிடித்து இழுப்பவர்கள், இருமடங்கு விலையில் பூசைத் தட்டு விற்பவர்கள், ஒலிபெருக்கிகள். மாணிக்க கங்கையில் முழுகக்கூட இடம் பிடிக்க வேண்டியிருந்தது. வரிசையில் நசுங்கியபோது, இவ்வளவு சத்தத்துக்குள் அவர் எப்படி இருப்பார் என்று உண்மையாகவே கோபம் வந்தது.

உள்ளே போனேன். மயில் மேல் தேவியர் இருவரோடும் அவர் தீட்டப்பட்டிருக்கும் அந்தத் திரை. வாயை வெள்ளைத் துணியால் கட்டிய பூசகரான கப்புறாளை, மந்திரம் எதுவும் இன்றித் தட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் மறைந்தார். மற்றக் கோயில்களில் திரை எப்போது விலகும் என்று காத்து நிற்போம். இங்கே அது விலகாது என்பது சிறு வயது முதலே தெரிந்ததுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும், ஒரு விரற்கடையாவது விலகாதா என்று கண் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். இம்முறை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. ஐந்து நாட்களும் நான் திரைக்குப் பின்னால்தானே நடந்து வந்தேன்! அந்த ஆற்றங்கரை இருட்டும், ஓசையின்றி விலகிப்போன அந்த உடம்பும், ஒருவரும் பறிக்காமல் மரத்திலேயே பழுத்து உதிரும் அந்தப் பாலைப் பழங்களும் எல்லாம் உள்வீதிதான் என்று பட்டது. அம்மாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்ல நினைத்திருந்தேன். வாயில் வந்தது "முருகா" ஒன்றுதான். பின்னால் நின்றவர்கள் தள்ளியதில் பக்கத்து வாசலால் வெளியே வந்துவிட்டேன். அழுதேன். விறகு அறையில் எங்களைக் காத்தவனே, எங்களை ஒளித்த அந்த வீட்டாரின் மனத்தில் இருந்தவனே, நாற்பது வருடக் கடனை என் அம்மா உயிரோடிருக்கும்போதே தீர்க்க வைத்தாயே ஐயா!

வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. அம்மா கேட்டது ஒன்றைத்தான்: "பிள்ளை, வழி நெடுக நடந்தனியோ?" நடந்தேன் அம்மா என்றேன். கொண்டுவந்த திருநீற்றை வாங்கி, முதலில் தன் இரண்டு முழங்கால்களிலும் பூசிக்கொண்டார். மிச்சத்தை, நான் காலை இழுத்துக்கொள்வதற்குள், கீழே இருந்து என் குதிகால் கொப்புளங்களில் தடவினார்.