ஒரு உழக்கும் ஒரு படியும்

மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வந்தது. 5.7 முதல் 6.4 வரை பார்டராம். டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். அதுதான் சாப்பாட்டுத் தட்டு. பாதி காய்கறி, கால்வாசி பருப்பு பயறு, மிச்சக் கால்வாசியில்தான் சோறு.

"அந்தக் கால்வாசியில குழம்பை எங்க சார் ஊத்துறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, நாலு மணிக்கு என்ன சாப்பிடுவீங்க என்றார். ஒரு டீ, ரெண்டு வாழைக்காய் பஜ்ஜி என்று சொல்லி வாயை மூடுவதற்குள், பக்கத்தில் இருந்த என் மனைவி, "ரெண்டு இல்ல சார், நாலு" என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் நாலு மணி என்றால் சுண்டல். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருக்கும். ஒரு நாள் பாசிப்பயறு, ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் அவித்த நிலக்கடலை. கறுப்புக் கொண்டைக்கடலை என்றால் மட்டும் கூப்பிடாமலே அடுப்படியில் போய் நிற்பேன். கடுகு, வத்தல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, பொடியாக நறுக்கிய மாங்காயும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிளறினால் பஜ்ஜி ஞாபகம் பாதிதான் வரும்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகள் வளைகாப்புக்காக மனைவி முந்தின நாளே கோவில்பட்டிக்குப் போய்விட்டாள். மோட்டார் ரிப்பேர்காரர் வருகிறேன் என்று சொல்லியிருந்ததால் நான் பாளையங்கோட்டையிலேயே இருந்துவிட்டேன். (அவர் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.) ராத்திரி போனில், "ஒரு உழக்குக் கொண்டைக்கடலை ஊறப் போட்டுடுங்க. காலையில அவிச்சா நாள் பூரா வச்சுச் சாப்பிடலாம்" என்றாள்.

எங்கள் அரிசிப் பானைக்குள் மாமியார் கொடுத்த பித்தளை அளவுகள் இரண்டு கிடக்கின்றன, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ரெண்டு உழக்கு ஒரு உரி, நாலு உழக்கு ஒரு படி என்று பள்ளிக்கூடத்தில் பாராமல் ஒப்பித்தவன் நான். எது உழக்கு, எது படி என்று காட்டித்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் முதலில் அகப்பட்டதை முகந்து போட்டேன். பெரிசு. கொஞ்சம் அதிகமோ என்று தோன்றாமல் இல்லை. ஆனால் 100 கிராம் காய்ந்த கடலையில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம் என்று எங்கோ படித்திருந்தேன். புரதம் கூடினால் யாருக்கு நஷ்டம்?

காலையில் மூடியை எடுக்கப் போனால், மூடி ஏற்கெனவே எழும்பி நின்றது. ஊறினால் கடலை எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கிலோவுக்குப் போட்டது ரெண்டு கிலோவாகி மேடையில் உருண்டுகொண்டிருந்தது. பயறு வகையைக் குக்கரில் பாதிக்கு மேல் போடக் கூடாது என்பதும் அப்போதுதான் தெரியும். கழுத்துவரை நிரப்பி வைத்தேன், விசிலோடு நுரையும் கிளம்பிச் சுவர் டைல்ஸில் கோலம் போட்டது. அப்புறம் புத்தி வந்து மூன்று ஈடாக அவித்து இறக்கும்போது மணி ஒன்பது.

காலைச் சாப்பாட்டுக்குச் சுண்டல். பதினொரு மணிக்குச் சுண்டல். மத்தியானம் டாக்டர் வட்டத்தில் கால்வாசிக்கும் அதுவே. அண்டாவைப் பார்த்தால் தொட்ட அடையாளமே இல்லை. ரெண்டு டப்பாவில் அடைத்து ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, மீதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

எதிர்வீட்டு ஆச்சி கையில் வாங்கிக்கொண்டே, "என்ன தம்பி, புரட்டாசிக்கு இன்னும் நாலு மாசம் கெடக்கு, இப்பமே கொலு வச்சிட்டியளா?" என்றார். பக்கத்து வீட்டம்மா, "என்னண்ணே, நல்ல சேதி ஏதும் உண்டா? மைனி வேற கோவில்பட்டி போயிருக்காவளே" என்று கேட்டார். சர்க்கரை பார்டரில் நிற்கிறது என்று தெருவில் சொல்ல மனசு வரவில்லை. "ஒண்ணும் இல்ல, சும்மாதான்" என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். வினை அந்தச் சிரிப்பில் இருந்தது.

நம் ஊரில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டார்கள் அல்லவா? நாலு மணிக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பக்கத்து வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து. மாடியில் குடியிருக்கும் பையன்கள் பாத்திரத்தைக் கழுவி, உள்ளே ரெண்டு முட்டை பப்ஸ் வைத்திருந்தார்கள். ஆச்சி மட்டும் என் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, தன் வீட்டு எவர்சில்வர் தூக்கில் கால் கிலோ அல்வா கொடுத்தனுப்பினார், சூடாக.

மேசையில் எல்லாவற்றையும் பரப்பி, டாக்டரின் வட்டத்தை நினைத்துக்கொண்டேன். முந்திரிக்கொத்தில் பேருக்குக்கூட முந்திரி கிடையாது. பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் உருட்டி, மாவில் முக்கிப் பொரிப்பது. உள்ளே இருப்பது பயறுதானே, பயறுக் கால்வாசியில் வரும். ரெண்டு. அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, அதாவது தானியம். சோற்றுக் கால்வாசி. காய்கறிப் பாதிக்குத்தான் ஆள் இல்லாமல் திகைத்தேன். பப்ஸைப் பிட்டுப் பார்த்தேன், நல்ல வேளை, வெங்காயம் நிறைய இருந்தது.

ஆறு மணிக்கு மனைவி வந்தாள். முகம் சரியில்லை. கையில் இருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை (2020-இல் புவிசார் குறியீடு வாங்கியது, ரத்தப் பரிசோதனைக்கு அது தெரியாது) மேசையில் வைத்தாள்.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்காரு?"

"எந்த மாப்பிள்ளை?"

"அதைத்தான் நானும் கேக்கேன். தெரு முக்குல ஆச்சி நிறுத்திக் கேக்காவ. கோவில்பட்டிப் பையனாமே, வீட்டுல சுண்டல் குடுத்தியளாமே."

எங்கள் மகள் சென்னையில் கல்லூரி இரண்டாம் வருஷம்தான் முடித்திருக்கிறாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் மேசையைப் பார்த்தாள். டைல்ஸைப் பார்த்தாள். அரிசிப் பானையைத் திறந்து சின்ன அளவை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். "இது உழக்கு." அடுத்ததை எடுத்தாள். "இது படி." அப்புறம் ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, "தூக்கைச் சும்மா குடுக்க முடியாது, எதையாவது போட்டுத்தான் குடுக்கணும்" என்றாள்.

"ஃப்ரீஸர்ல ரெண்டு டப்பா சுண்டல் இருக்கு" என்றேன்.

"அது இருக்கட்டும்" என்றாள். "புரட்டாசியில கொலு வச்சே ஆகணும் இனி."