வண்டலில் புதைந்தால் மட்டும் மரம் கல்லாகிவிடாது

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் குளம் தூர்வாரும்போது கருத்த மரத்துண்டு அகப்பட்டால் கல்மரம் என்று பத்திரப்படுத்துகிறார்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். தடம் விழுந்தால் அது ஊறிக் கருத்த மரம்தான். வெயிலில் காய்ந்ததும் வெடித்து உதிரும். கல்மரத்தில் கத்திமுனையே ஏறாது.

காற்றுப் படாமல் புதைவது முதல் படிதான். அதன்பின் நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) மரத்துக்குள் ஊறி, செல் சுவர்களில் படிந்து, உட்குழிகளையும் நிரப்ப வேண்டும். முதலில் ஓப்பல் என்ற மென்மையான சிலிக்காவாகப் படிவது காலப்போக்கில் குவார்ட்ஸ் என்ற கடினப் படிகமாக இறுகும். சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறம். கருப்பு மிஞ்சிய கரியாலோ மாங்கனீஸாலோ வரும். நம் காவிரி வண்டலுக்கு அத்தனை வயது இல்லை.

கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் உள்ளவை 2 கோடி ஆண்டுப் பழசு. இரண்டும் தேசிய புவியியல் நினைவிடங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள். எந்த ஊர்க் கல் என்று தெளிவாகச் சொல்லி விற்பவரிடமே வாங்குங்கள்.

பாலிஷுக்குக் குறுக்குவெட்டு முகம்தான் சிறந்தது. கிரானைட் பட்டறையில் வெட்டி வாங்கி, கிரானைட்டுக்குப் போடும் வைரத்துகள் பதித்த பாலிஷ் பேடுகளை 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று வரிசையாக ஓட்டுங்கள் (எண் கூடக் கூடப் பேடு நயமாகும்). தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்க வேண்டும். உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கடைசியில் ஈரக் கம்பளித்துணியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப்பொடி வைத்துத் தேயுங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் 50, 100-லேயே. அந்தக் கீறல் முழுக்கப் போகாமல் மேலே தாவினால் 3000-க்குப் பிறகு அது வெள்ளைக் கோடாகத் தெரியும், திரும்ப முதலிலிருந்துதான். ஒவ்வொரு பேடுக்குப் பிறகும் கல்லையும் கையையும் கழுவுங்கள், ஒரே ஒரு கரட்டுத் துகள் போதும். துடைத்துக் காயவைத்துச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். ஈரக்கல் எப்போதும் பளபளப்பாகத்தான் ஏமாற்றும். ஓப்பல் மிஞ்சிய இடம் சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும், அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள். அரைத்த சேற்றைச் சாக்கடையில் ஊற்றினால் குழாயில் இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு வண்டலைத் தனியே கொட்டுங்கள்.

முடிந்ததும் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். புளி, வேம்பு போன்ற இனமென்றால் மரம் தண்ணீர் கடத்திய நாளத்துளைகள் ஊசியால் குத்தியதுபோல் தெரியும். ஊசியிலை மரமென்றால் அந்தத் துளைகள் இராது, நுண்ணிய செல்கள் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கும்.