மூன்று கேள்விக்குறி

நேற்று மண்டபத்தில் மச்சானைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியாச்சு, சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறான். பேச்சோடு பேச்சாகப் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். ஓரம் நைந்த சிகரெட் அட்டை. நீலப் பேனாவில் மூன்று கேள்விக்குறி. என் கையெழுத்தேதான்!

எல்லாம் சின்ன வயதில் படித்த கதைகளால் வந்தது: ராபர்ட் ஆர்தர் 1964-இல் தொடங்கிய ‘தி த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்’ என்ற சிறுவர் துப்பறியும் நாவல் வரிசை. ஜூபிடர், பீட், பாப் என்று மூன்று துப்பறியும் பையன்கள். அவர்கள் விசிட்டிங் கார்டில் மூன்று கேள்விக்குறி இருக்கும்; அதைப் பார்த்துத்தான் நாங்களும் அட்டை போட்டோம். ஜூபிடர் வீட்டாருக்குக் காயலான் கடை. அங்கே தட்டுமுட்டுச் சாமான்களுக்குள் மறைந்திருக்கும் பழைய டிரெய்லர்தான் ஆபீஸ். பெரிய குழாய்க்குள் தவழ்ந்து போகணும். குழாய்க்கு நாங்கள் எங்கே போக? கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்துக்கு அடியில் ஆபீஸ் போட்டோம். ஒரே கருவாட்டு வாடை. கிடைத்த ஒரே கேஸ், காணாமல் போன நண்டு வலை. கடைசியில் பார்த்தால் மச்சானோட அப்பாவே எடுத்துப் போயிருக்கிறார். (அவரை வேவு பார்த்ததற்கு வாங்கிய அடி தனிக் கதை.)

ஜெர்மனியில் இந்தக் கதைகள் 1979-லிருந்து ஒலிநாடகமாக வந்துகொண்டே இருக்கின்றன. அன்று கேசட்டில் கேட்ட பிள்ளைகள் இன்று நரைத்த தலையோடு அரங்கில் உட்கார்ந்து கேட்கிறார்கள். சொன்னதும் மச்சான் முகத்தைப் பார்க்கணுமே!

அட்டையைக் கேட்டேன். “போடா மாப்ளே” என்று பர்ஸில் சொருகிக்கொண்டான்.