துணைவேந்தர் அறையிலிருந்து: ஜூன் 2025

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே நிதி அலுவலர் ஓய்வூதியக் கோப்போடு வந்துவிட்டார். அரசு தரும் மானியம் சம்பளத்துக்கே முழுதாகப் போதவில்லை. ஓய்வூதியத்துக்கு நம் சொந்த வரவுதான் கதி. அதாவது தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்விதான் இந்த வளாகத்துக்கே சோறு போட்டது. வெளிமாநிலங்களில்கூட மையங்கள் இருந்தன. ஆட்சி எல்லையைத் தாண்டக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொன்னதும் அவை மூடப்பட்டன. 2020 விதிகளில், தரம் மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01 வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. தரத்துக்காக வந்த விதிகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வரவை நம்பித்தான் இத்தனை ஆண்டுகள் ஆள் எடுத்திருக்கிறோம்.

மதியம் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் வந்தார். “மாத்திரை வாங்கணும்மா. என்னைக்கு வரும்னு தேதி மட்டும் சொல்லுங்க.” விருந்தினர் மாளிகைப் புதுப்பிப்பு பில்லை நிறுத்தச் சொல்லிவிட்டு அவருக்குத் தேதி சொன்னேன்.

ஜூன் 5, வியாழன்

கல்விக்குழுக் கூட்டம். செயற்கை நுண்ணறிவுக்கும் தரவு அறிவியலுக்கும் தனித்தனித் துறை கேட்கிறார்கள். “பிள்ளைங்க இதைத்தான் கேக்குறாங்க, மேடம்.” உண்மைதான். பாடம் நடத்த யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். “கௌரவ விரிவுரையாளர் போட்டுக்கலாம்” என்று உடனே பதில் வந்தது.

கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று யுஜிசி 2019-இல் அறிவித்தது. நாம் கொடுப்பது அதில் பாதிகூட வராது. மே மாதம் அதுவும் கிடையாது. முனைவர் பட்டம், நெட் தகுதித் தேர்வில் தேர்ச்சி எல்லாம் உள்ளவர்கள் இவர்கள். கணிதத் துறையில் முதுகலை வகுப்புகள் ஏறக்குறைய இவர்கள் தோளில்தான் நடக்கின்றன. இந்த நிலைமையில் இன்னும் இரண்டு துறைக்குப் பெயர்ப்பலகை மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் தென்னாட்டுக்கே தேர்வு நடத்தியது. மைசூர் 1916, ஆந்திரா 1926, அண்ணாமலை 1929 எனத் தனித்தனியாக வந்தன. மதுரை 1966-இல் பிரிந்தது, தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம் முதல் துணைவேந்தர். 1982-இல் கோவையிலும் திருச்சியிலும் இருந்த முதுகலை மையங்கள் பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்கள் ஆயின. கல்லூரிகள் பெருகி நிர்வாகம் திணறியபோது பிரித்துக் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது.

ஆ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். இன்று நமக்கு மூன்று ஆண்டு. 27 மிக அதிகம்தான். ஆனால் மூன்று ஆண்டுக்குள் ஒரு பேராசிரியர் பணியிடத்தை நிரப்பி முடிப்பதே பெரும்பாடு. சென்னையில் 2023 ஆகஸ்டிலிருந்து அந்த நாற்காலியே காலி, பொறுப்புக் குழுதான் கையெழுத்திடுகிறது. துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற சட்ட வழக்கு உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று நடக்கிறது. பட்டச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் மாணவருக்கு அதையெல்லாம் எப்படி விளக்குவது?

ஜூன் 11, புதன்

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனேன். யாருடைய தாள் என்று தெரியாதபடி முகப்புத் தாளைக் கிழித்து டம்மி எண் ஒட்டும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விரலில் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்தது. ஒரு எண் மாறினால் ஒரு பிள்ளையின் வருடம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு விடைத்தாள் கட்டையும் இரண்டு முறை எண்ணுகிறார்கள். பலரும் தினக்கூலி. பக்கத்து மேசையில் கட்டுகள் குவிந்து கிடந்தன, திருத்த ஆசிரியர்கள் போதவில்லை. தேர்வு முடிவு தாமதம் என்று தினமும் திட்டு வாங்குகிறோமே, அது இந்த மேசையில்தான் தொடங்குகிறது. பி.எட். சேர்க்கைக்கு மதிப்பெண் பட்டியல் கேட்டு வாசலில் நின்ற பெண்ணுக்கு அங்கேயே தற்காலிகச் சான்றிதழ் கொடுக்கச் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

ஆட்சிக்குழு. மூன்று மணி நேர வாக்குவாதம். புதிய துறைகளை ஒத்திவைக்கலாம், முதலில் காலிப் பணியிடங்களுக்கு அரசு அனுமதி கேட்போம் என்றேன். “தனியார் பல்கலைக்கழகம் முந்திடும், மேடம்” என்றார் ஒரு உறுப்பினர். முந்தட்டும். நம்மிடம் வருவது நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாத வகுப்பைக் காட்டிக் கட்டணம் வாங்குவது சரியில்லை. கடைசியில் தரவு அறிவியலை மட்டும் புள்ளியியல் துறைக்குள் ஒரு விருப்பப் பாடமாகச் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். மற்றது பணியிடம் கிடைத்த பிறகு. கௌரவ விரிவுரையாளர்களுக்கு மே மாத ஊதியம் தரும் தீர்மானமும் நிறைவேறியது, இரண்டு பேர் எதிர்ப்புடன்.

நாளை பதிவாளர், எந்தப் பணியிடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று காட்டும் 200 புள்ளி இனச்சுழற்சிப் பட்டியலோடு வருகிறார். கணிதத்திலிருந்து தொடங்குகிறோம்.