பேக்கிங் வாசலில் ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர்: மாட்டுவது முதல் எண்ணிக்கை சரியாகும் வரை

திருப்பூரில் ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனிகளிடம் பீஸுக்கு ஒரு ஆர்.எஃப்.ஐ.டி. டேக் (ரேடியோ அலை பட்டதும் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும் சிப் உள்ள சீட்டு) வேண்டும் என்று பையர் கேட்பது இப்போது சகஜம். பல இடங்களில் டேக்கைக் கோத்து அனுப்புவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அதே டேக்கைப் பேக்கிங்கிலிருந்து லோடு ஏறும் வாசலில் எண்ணினால், பெட்டியைப் பிரிக்காமலே ஷார்ட்டேஜ் தெரிந்துவிடும். 2.4 மீட்டர் அகல வாசல், டேக்கைப் படிக்கும் ஒரு ரீடர், அதன் அலையை வீசி வாங்கும் நான்கு ஆண்டெனா, பெட்டிக்கு 50 பீஸ் வீதம் ஒரு டிராலியில் 6 பெட்டி. இப்படி ஓர் அமைப்பை மாட்டி ஓட்டும்போது எங்கெங்கே சிக்கும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

எண்ணிக்கை குறைந்தால் எல்லோருடைய கையும் முதலில் பவரை ஏற்றத்தான் போகும். அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். குறை பெரும்பாலும் கேபிளிலோ, பெட்டி அடுக்கிலோ, செஷன் அமைப்பிலோ (ஒரு முறை பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் மௌனமாக இருக்கும் என்பதை முடிவு செய்வது) இருக்கும்.

முதலில் அலைவரிசை. இந்தியாவில் இதற்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டை. ரீடரின் பவர் 1 வாட் வரை, ஆண்டெனாவிலிருந்து வீசுவது 4 வாட் வரை இருக்கலாம். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் படிப்பதும் இதே பட்டையில்தான். வெளிநாட்டிலிருந்து வரும் ரீடர் சில நேரம் அமெரிக்க அமைப்பில், அதாவது 902–928இல் இருக்கும். டேக்குகள் 860 முதல் 960 வரை எதற்கும் பதில் சொல்லும் என்பதால் வேலை நடப்பதுபோலவே தெரியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அது நம் ஊர் 900 பட்டை செல்போன் சிக்னல் மேல் ஏறும், சட்டப்படியும் தவறு. பெட்டியைத் திறந்த அன்றே நாட்டின் அமைப்பை மாற்றிவிட வேண்டும்.

ஆண்டெனா வட்ட முனைவாக்கம் உள்ளதாக, அதாவது அலையைச் சுழற்றி வீசுவதாக இருக்கட்டும். அலையை ஒரே திசையில் அதிரவிடும் நேர் முனைவாக்க ஆண்டெனா தூரம் கூடுதலாகப் படிக்கும் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் டேக் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கும் என்று சொல்ல முடியாது. வாசலின் இரு பக்கத் தூணிலும் இரண்டிரண்டு: தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் ஒன்று, 1.4 மீட்டரில் ஒன்று. நான்கையும் லாரிப் பக்கம் 15 டிகிரி திருப்பி வைத்தோம். உள்ளே குடோனில் பேக் செய்த பெட்டிகள் அடுக்கியிருக்கும், லாரிப் பக்கம் காலி. வேண்டாத பீஸ் கணக்கில் விழுவது இதிலேயே பாதி குறையும்.

கேபிளில் காசு மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். எல்.எம்.ஆர். 400 தடிமன் கேபிளில் 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1.3 டெசிபல் இழப்பு. மெல்லிய எல்.எம்.ஆர். 195 போட்டால் அதே தூரத்துக்கு 3.6 டெசிபலுக்கு மேல். 3 டெசிபல் என்றால் பாதி. 30 டிபிஎம், அதாவது 1 வாட், ரீடரை விட்டுக் கிளம்பினாலும் ஆண்டெனாவுக்கு அரை வாட் கூடப் போய்ச் சேராது. டேக்கின் பதிலும் அதே கேபிள் வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அதனால் ரீடரைக் கண்ட்ரோல் ரூமில் பத்திரமாக வைக்காமல், தூசு புகாத ஒரு பெட்டிக்குள் வாசல் தலைக்கு மேலேயே மாட்டி, ஆண்டெனா கேபிளை 4 மீட்டருக்குள் முடியுங்கள். தூரத்தை லேன் கேபிள் சுமக்கட்டும், அது 100 மீட்டர் வரை தாங்கும். தடிமன் கேபிளை 10 செ.மீ. ஆரத்துக்குக் கீழே மடக்கிக் கட்ட வேண்டாம்.

கனெக்டரில் ஒரு பெரிய பொறி உண்டு. நிறைய ரீடர்களில் இருப்பது ரிவர்ஸ் டி.என்.சி.; கடையில் எளிதாகக் கிடைப்பது சாதா டி.என்.சி. இரண்டுக்கும் மரை ஒன்றேதான், நடு ஊசி மட்டும் பக்கம் மாறியிருக்கும். தவறானதைப் போட்டாலும் மரை ஏறத் தொடங்கும். உள்ளே ஊசியும் ஊசியும் மோதி நிற்கும், சரியான தொடர்பு இருக்காது. ரீடர் ‘ஆண்டெனா இல்லை’ என்று சொல்லும். சிலது சொல்லாமல் மிகக் குறைந்த தூரத்துக்கு மட்டும் படிக்கும். இறுக்குவதற்கு முன் இரண்டு முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள்: ஒரு பக்கம் ஊசி, எதிர்ப் பக்கம் துளை இருந்தாக வேண்டும். ஆண்டெனா மாட்டாத போர்ட்டை மென்பொருளில் அணைத்து வையுங்கள்.

மின்சாரம் லேன் வழியாகவே கொடுக்கலாம். சாதாரண பி.ஓ.இ. சுவிட்ச் ரீடருக்கு 12.95 வாட் தரும். ரீடர் அதற்கு மேல் கேட்டால் பி.ஓ.இ. பிளஸ் வேண்டும். இங்கே அடிக்கடி வரும் கோளாறு: சும்மா இருக்கும்போது ரீடர் நன்றாக இருக்கும், படிக்கத் தொடங்கிய உடனே ரீஸ்டார்ட் ஆகும். ரீடரைக் குறை சொல்வதற்கு முன் லேன் கேபிளைச் சுரண்டிப் பாருங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். தூரம் கூடினால் அதில் வோல்டேஜ் இறங்கி, ஒலிபரப்பும் நொடியில் ரீடர் விழுந்துவிடும். முழுச் செம்புக் கேபிள் மாற்றினால் சரியாகிவிடும். பனியன் துணி இருக்கும் இடத்தில் நிலைமின்சாரம் அதிகம், எர்த் கம்பியை மறக்க வேண்டாம்.

ரீடருக்கு நிலையான ஐ.பி. கொடுங்கள். ரீடரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் எல்.எல்.ஆர்.பி. நெறிமுறைக்கு 5084 போர்ட். ஃபயர்வாலில் அதைத் திறந்திருக்க வேண்டும். ரீடர் அனுப்பும் நேரம் யு.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில் வரும். நம் நேரத்துக்கு 5.30 மணி கூட்டாமல் விட்டால், விடியற்காலை 4 மணிக்கு ஏறிய லோடு முந்தைய நாள் கணக்கில் போய் உட்காரும்.

எப்போதும் படித்துக்கொண்டே இருக்க விடக் கூடாது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஃபோட்டோ சென்சார். எது முதலில் மறைகிறதோ அதை வைத்து டிராலி போகிறதா வருகிறதா என்று தெரியும். முதல் சென்சார் மறைந்ததும் படிக்கத் தொடங்கி, இரண்டாவது விடுபட்டு 3 நொடியில் நிறுத்தலாம். எச்சரிக்கை விளக்கை ரீடர் அவுட்புட்டில் நேரடியாகக் கட்டாமல் ரிலே வழியாகக் கட்டுங்கள், ரிலே காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டு.

இனி செஷன். சோதனை நேரத்தில் அதிகம் குழப்புவது இதுதான். ஒரு பெட்டியை வாசலில் தள்ளினால் 50 வரும். உடனே திருப்பித் தள்ளினால் 3 வரும், அல்லது ஒன்றுமே வராது. ரீடர் கெட்டுவிட்டது என்று ஒரு நாள் முழுக்கக் கேபிளைக் கழற்றி மாட்டுபவர்கள் உண்டு. கெடவில்லை. செஷன் 2இல் ஒரு முறை பதில் சொன்ன டேக், அலை மேலே பட்டுக்கொண்டிருக்கும் வரை மறுபடி வாய் திறக்காது. அலை நின்ற பிறகும் குறைந்தது 2 நொடி, சில சிப்பில் அதைவிட வெகுநேரம், மௌனமாக இருக்கும். 300 டேக் இரண்டே நொடியில் கடக்கும் வாசலுக்கு இந்த மௌனம்தான் தேவை: சத்தமான டேக்குகள் ஒரு தடவை சொல்லி ஒதுங்கினால்தான் நடுப்பெட்டியின் பலவீனமான டேக்குக்கு வாய்ப்பு வரும். செஷன் 0இல் ரீடர் ஓர் ஆண்டெனாவிலிருந்து அடுத்ததற்கு மாறும் நொடியில் அலை அறுந்து எல்லாம் மறந்துபோகும், முன்வரிசை டேக்குகளே திரும்பத் திரும்பக் கத்தும். ஓட்டத்துக்குச் செஷன் 2. ஆண்டெனா திசை பார்க்கும் சோதனைக்குச் செஷன் 0. ஒரே பெட்டியைச் செஷன் 2இல் மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் வாசலை விட்டுத் தள்ளி வைத்து ஓரிரு நிமிடம் பொறுங்கள்.

அப்புறமும் பெட்டிக்கு இரண்டு மூன்று குறைகிறதா? பெட்டியைத் திறந்து பாருங்கள். மெல்லிய டி-ஷர்ட் ஒன்றின் மேல் ஒன்றாக, கழுத்து ஒரே பக்கம் வைத்து அடுக்கியிருப்பார்கள். ஹேங்டேக் (டேக் ஒட்டிய தொங்கும் அட்டை) எல்லாம் ஒரே இடத்தில், ஒரு செ.மீ. இடைவெளியில் சீட்டுக்கட்டுபோலக் குவிந்திருக்கும். அருகருகே உள்ள டேக் ஆண்டெனாக்கள் ஒன்றையொன்று கெடுக்கும், பவரை ஏற்றினாலும் நடுவில் இருப்பது எழாது. ஒரு பீஸ் கழுத்து இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி அடுக்கச் சொன்னால் போதும். இரும்பு டிராலியானால் தட்டின் மேல் 5 செ.மீ. மரச்சட்டம் போடுங்கள், கீழ்ப்பெட்டியின் அடி வரிசை தப்பும். அலுமினியப் பூச்சு பாலிபேக்குக்குள் போன டேக்கை எந்த ரீடரும் படிக்காது; அந்த ஆர்டருக்கு டேக் பைக்கு வெளியே வர வேண்டும்.

பவரை இவை எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். 20 டிபிஎம்மில் தொடங்கி ஒவ்வொரு டிபிஎம்மாக ஏற்றி, முழு டிராலி பத்துத் தடவையும் 300 காட்டும் இடத்தில் இன்னும் 2 கூட்டி நிறுத்துங்கள். 30இல் வைத்தால் பக்கத்து அடுக்கிலிருந்து 4 பீஸ் கூடுதலாக வரும். குறைந்த எண்ணிக்கையைவிட இது மோசம், ஏனென்றால் உண்மையான ஷார்ட்டேஜை அது மறைத்துவிடும்.

ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் எதிர்த்தூணில் ஒரு டேக்கை நிரந்தரமாக ஒட்டி, அதன் எண்ணை லோடு கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். தினமும் காலை, டிராலி ஓடுவதற்கு முன் செஷன் 0இல் 10 நொடி படித்து, அதன் சிக்னல் அளவை நோட்டில் எழுதுங்கள். நேற்று −52 டிபிஎம் இருந்தது இன்று −58 ஆகக் குறைந்தது என்றால் அந்தப் பக்கக் கனெக்டர் தளர்ந்திருக்கும், அல்லது டிராலி இடித்து ஆண்டெனா திரும்பியிருக்கும். அதைச் சரி பார்த்த பிறகு முதல் லோடை விடலாம்.